மோர்ஸ்: அட்டவணை தலைகீழாகத் தெரியும், காதில் விழுந்தால் ஒன்றும் புரியவில்லை

அல்சூர் ஏரிக்கரை
வணக்கம். பொழுதுபோக்காக மோர்ஸ் (தந்தியில் எழுத்துகளைப் புள்ளியும் கோடுமாக அனுப்பும் குறிமுறை) கற்றுக்கொள்ளலாம் என்று இறங்கியிருக்கிறேன். வேலைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பகல் முழுக்க மீட்டிங், ராத்திரி கொஞ்ச நேரம் இது. ஏ முதல் இசட் வரை புள்ளியும் கோடும் எழுதச் சொன்னால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதுவேன். ஆனால் செயலியில் ஒலியாக வந்தால் மூளை நின்றுவிடுகிறது. முதலில் எத்தனை புள்ளி என்று எண்ணுகிறேன், பிறகு மனதில் இருக்கும் அட்டவணையில் தேடுகிறேன், கண்டுபிடிப்பதற்குள் அடுத்த இரண்டு எழுத்து போய்விடுகிறது. இத்தனைக்கும் வேகத்தை நிமிடத்துக்கு 5 சொல் என்று குறைத்துத்தான் வைத்திருக்கிறேன்.

சாரணர் இயக்கக் காலத்துப் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன, எழுத்தின் வடிவத்துக்குள்ளேயே புள்ளி கோடு வரைந்தது. பார்க்க அழகாக இருக்கிறது, கேட்கும்போது உதவவில்லை. தமிழில் ஏதாவது சுருக்கு வழி உண்டா? பெங்களூரில் இதைச் செய்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

மடிவாளா மணி
முதல் வேலை, அந்த 5ஐ 20 ஆக்குங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கணக்கைப் பாருங்கள். மோர்ஸில் எல்லாம் ஒரே அளவுகோலில் ஓடுகிறது: புள்ளி 1 அலகு, கோடு 3 அலகு, ஒரே எழுத்துக்குள் இடைவெளி 1, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே 3, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே 7. வேகத்தை அளக்க 'பாரிஸ்' என்ற ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்வார்கள். கடைசி இடைவெளியோடு சேர்த்தால் அது சரியாக 50 அலகு. அப்படியானால் நிமிடத்துக்கு 5 சொல் வேகத்தில் ஒரு புள்ளி 0.24 விநாடி, ஒரு கோடு 0.72 விநாடி. 'சி' என்ற எழுத்து மட்டும் 11 அலகு, அதாவது இரண்டரை விநாடிக்கும் மேல் இழுக்கும். இவ்வளவு மெதுவாக வந்தால் யாராக இருந்தாலும் எண்ணத்தான் செய்வார்கள். எண்ண நேரம் கொடுத்துவிட்டு எண்ணாதே என்றால் எப்படி?

20 சொல் வேகத்தில் அதே 'சி' 0.66 விநாடியில் முடிந்துவிடும். டா-டி-டா-டிட் (கோட்டை 'டா' என்றும் புள்ளியை 'டி' என்றும், கடைசியில் வரும் புள்ளியை 'டிட்' என்றும் வாயால் சொல்வோம்). எண்ண முடியாது, ஒரே ஒலியாகத்தான் விழும். நமக்கு வேண்டியது அதுதான். எழுத்தை வேகமாக ஒலிக்கவிட்டு, எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியை மட்டும் நீட்டி வைத்துக்கொள்ளலாம். ஃபார்ன்ஸ்வொர்த் முறை என்பது இதுதான். உங்கள் செயலியின் அமைப்புகளில் 'எழுத்து வேகம்', 'மொத்த வேகம்' என்று இரண்டு தனித்தனியாக இருக்கும். முதலாவது 20, இரண்டாவது 6 அல்லது 8. இடைவெளியை நாள்பட நாள்படச் சுருக்குங்கள்.

அந்தச் சாரணர் படங்களை அழித்துவிடுங்கள். கண்ணுக்கு ஏற்றிய மோர்ஸ் காதுக்கு இடைஞ்சல்.

சந்தேகப் பிராணி
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். இந்தியாவில் தந்தியே 2013 ஜூலையோடு மூடியாயிற்று. கப்பல்களும் 1999இல் செயற்கைக்கோள் முறைக்குப் போய்விட்டன. உள்ளங்கையில் ஃபோன் இருக்கும்போது இதை எதற்குக் காதில் ஏற்ற வேண்டும்? நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

மடிவாளா மணி
எதற்கும் இல்லை. சிலர் மாடியில் ஆர்க்கிட் வளர்க்கிறார்கள் இல்லையா, அதை யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

சரி, ஒரு காரணம் சொல்கிறேன். நான் வீட்டிலிருந்து அமெச்சூர் ரேடியோவில் பேசுகிறவன். என் அடுக்குமாடியில் எல்இடி பல்ப், லிஃப்ட், இன்வெர்ட்டர், நூறு சார்ஜர் என்று எல்லாமாகச் சேர்ந்து அலைவரிசை முழுக்க ஒரே இரைச்சல். பேச்சு அதில் மூழ்கிவிடும். மோர்ஸ் ஒரே ஒரு சுருதி, அதற்கு வேண்டிய அலைப்பட்டை மிகக் குறுகல். ஆகவே இரைச்சலுக்கு நடுவிலும் காது அதைப் பிரித்துப் பிடித்துவிடும். பால்கனியில் ஒரு கம்பி, 5 வாட் திறன், அவ்வளவை வைத்துக்கொண்டு வேறு கண்டத்தில் ஒருவரோடு பேசிவிட்டுத் தூங்கப் போகலாம்.

தந்திக்காரர்
நான் ஸ்ரீராமபுரம். தபால் தந்தித் துறையில் பல வருடம் கருவியில் உட்கார்ந்தவன். இந்த இழையைப் பேரன் காட்டினான்.

மணி சொல்வது சரிதான். எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் அட்டவணையைக் கண்ணில் காட்டினார், ஆனால் கேட்கும்போது அதை மேசையில் வைக்க விடமாட்டார். ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. தந்தி ஆபீஸில் நாங்கள் கேட்டது இப்போது நீங்கள் கேட்கிற 'பீப்' ஒலி அல்ல. சவுண்டர் என்று ஒரு பித்தளைக் கருவி. கீழே இறங்கும்போது ஒரு 'டக்', மேலே ஏறும்போது ஒரு 'டிக்'. இரண்டு தட்டுக்கும் நடுவே இருக்கிற மௌனம் குறைவாக இருந்தால் புள்ளி, நீண்டால் கோடு. மௌனத்தை அளந்துதான் எழுத்தைப் படித்தோம். ஓய்வு பெற்ற பிறகு முதல்முறை ரேடியோவில் பீப் மோர்ஸ் கேட்டபோது எனக்கே கொஞ்ச நேரம் அந்நியமாக இருந்தது.

அல்சூர் தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு எழுத்து தவறிப்போனால் அதை விட்டுவிடு. தாளில் ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போ. போன எழுத்தைத் துரத்திக்கொண்டு போனால் பின்னால் வருகிற மூன்றும் போகும். புதிதாக வந்தவர்கள் எல்லாரும் சிக்கித் தவித்தது இங்கேதான். பழகியவன் கை, காதுக்கு இரண்டு மூன்று எழுத்து பின்னால் எழுதிக்கொண்டு வரும். காது முன்னால் போய்க்கொண்டே இருக்கும். கிளார்க் வந்து ஏதாவது கேட்டால் தலையாட்டிப் பதில் சொல்வோம், கை எழுதிக்கொண்டேயிருக்கும்.

யாப்புப் பைத்தியம்
தமிழில் சுருக்கு வழி கேட்டீர்கள், என்னிடம் இருக்கிறது! குறில் என்றால் புள்ளி, நெடில் என்றால் கோடு. ஒற்று கணக்கில் இல்லை. ஆங்கில எழுத்தின் ஒலியிலேயே தொடங்கும் தமிழ்ச் சொல்லாகத் தேடியிருக்கிறேன்:

ஏ: அவா (டி-டா)
டி: தாவணி (டா-டி-டிட்)
ஜி: கோபாலு (டா-டா-டிட்)
ஐ: இனி (டி-டிட்)
கே: கோகிலா (டா-டி-டா)
எம்: மாமா (டா-டா)
என்: நாடு (டா-டிட்)
ஓ: ஓகோகோ (டா-டா-டா)
எஸ்: சிறகு (டி-டி-டிட்)
யு: உலகே (டி-டி-டா)
டபிள்யூ: வராதோ (டி-டா-டா)

'டி' என்ற எழுத்து இரண்டு வருகிறதே என்பீர்கள். தாவணி நான்காவது எழுத்து. இருபதாவது எழுத்துக்கு வெறும் கோடுதான் குறி, அதற்கு 'டீ' போதும், கடையில் குடிக்கிற டீ. ஹெச், க்யூ, எக்ஸ் இன்னும் மாட்டவில்லை. யாராவது நிரப்புங்கள்.

அல்சூர் ஏரிக்கரை
கோகிலா, கோபாலு இரண்டும் பிரமாதம். உடனே ஒட்டிக்கொண்டது. ஆனால் மணி அண்ணா ஒப்புக்கொள்ள மாட்டார் என்று தெரியும்.

மடிவாளா மணி
ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒலி கேட்டு, அதைக் குறில் நெடிலாக்கி, கோகிலாவைக் கண்டுபிடித்து, அவள் முதலெழுத்து 'கே' என்று எடுத்து... அட்டவணைக்குப் பதில் கோகிலா வந்து உட்கார்ந்திருக்கிறாள், படி குறையவில்லை. அனுப்புவதற்கு வேண்டுமானால் முதல் வாரம் உதவும். வாங்குவதற்கு உதவாது.

யாப்புக்காரரே, இன்னொரு வழக்கும் இருக்கிறது. நெடில் இரண்டு மாத்திரைதானே? கோடு மூன்று.

யாப்புப் பைத்தியம்
வசமாகப் பிடித்தீர்கள். ஓரெழுத்து தனியாக மூன்று மாத்திரை ஒலிப்பதில்லை என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது. ஆகவே மோர்ஸின் கோடு நெடில் அல்ல, அளபெடை. கோகிலாவை இனிமேல் 'கோஒகிலாஅ' என்று கூப்பிடுங்கள்.

ராஜாஜிநகர் தொப்பி
(தொப்பி என்றால் தலையில் வைப்பது அல்ல, மிருதங்கத்தின் இடப்பக்கம். பலர் கேட்டுவிட்டார்கள்.)

இந்த விவாதத்துக்கு எங்கள் பக்கத்தில் ஏற்கெனவே தீர்வு இருக்கிறது என்று நினைக்கிறேன். எஸ் மூன்று புள்ளி, ஹெச் நான்கு, எண் 5 ஐந்து புள்ளி. வேகமாக வந்தால் இந்த மூன்றும் எல்லாருக்கும் குழம்பும். ஆனால் மிருதங்கம் கற்ற எந்தப் பையனும் மூன்றையும் நான்கையும் ஐந்தையும் எண்ணிப் பார்த்துப் பிரிப்பதில்லை. தகிட, தகதிமி, தகதகிட என்று சொற்கட்டாக வாய் சொன்னால் காதுக்குத் தெரிந்துவிடும். எஸ் என்றால் தகிட, ஹெச் என்றால் தகதிமி, ஐந்து என்றால் தகதகிட. இரண்டு புள்ளி உள்ள ஐ வெறும் 'தக'.

இதற்கும் யாப்புக்காரர் பட்டியலுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கோகிலாவுக்கு ஒரு பொருள், ஒரு முகம் இருக்கிறது, மனம் அங்கே போய் நின்றுவிடும். தகிடவுக்குப் பொருள் கிடையாது, அது வெறும் ஓட்டம். எங்கள் குருவிடம் முதலில் வாயால் சொல்லாமல் தோலில் கை வைக்க முடியாது. நீங்களும் எழுத்தைப் பார்க்காமல், எழுதாமல், வாயால் சொல்லிப் பாருங்கள். குறிப்பாகக் குழம்புகிற ஜோடிகளை: எல் என்றால் டி-டா-டி-டிட், எஃப் என்றால் டி-டி-டா-டிட். க்யூ என்றால் டா-டா-டி-டா, ஒய் என்றால் டா-டி-டா-டா. காகிதத்தில் பார்த்தால் இவை கண்ணாடி பிம்பம், அதனால்தான் குழப்பம். வாயில் சொன்னால் அழுத்தம் விழுகிற இடமே வேறு.

தந்திக்காரர்
தொப்பித் தம்பி சொன்னதற்கு நூற்றுக்கு நூறு. நாங்கள் சொற்கட்டு என்று சொன்னதில்லை, ஆனால் செய்தது அதுதான்.

கோலார் கயல்
நான் கோலார் தங்கவயல். தினம் மாரிக்குப்பம் ரயிலில் பெங்களூர் வந்து போகிறவள், அதனால் காதில் போட்டுக்கொள்ள நேரம் நிறைய. பெண்கள் யாரும் இந்த இழையில் இல்லையே என்று பார்த்தேன், நான் வந்துவிட்டேன்.

எனக்குப் பிடித்தது காக் முறை. லுட்விக் காக் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1930களில் செய்தது. 26 எழுத்தையும் ஒரே நேரத்தில் தொடவே கூடாது. முழு வேகத்தில் இரண்டே எழுத்து. இரண்டும் கலந்து வரும், கேட்டு எழுத வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக வந்தால் மூன்றாவது எழுத்தைச் சேர்க்கலாம், இல்லையென்றால் இரண்டிலேயே இரு. எல்சிடபிள்யூஓ என்ற இலவசத் தளத்தில் பாடமெல்லாம் இப்படித்தான் அடுக்கியிருக்கிறது, பதிவு செய்தால் நம் முன்னேற்றத்தை வைத்துக்கொள்ளும். அதில் முதல் இரண்டு எழுத்து கே, எம். பிறகு மற்றவை ஒவ்வொன்றாக.

கே முதலில் வருவது நமக்கு வசதி. இந்த ஊரில் எந்த வண்டியின் நம்பர் பிளேட்டைப் பார்த்தாலும் கேஏ. டா-டி-டா, டி-டா. கன்டோன்மென்டில் இறங்கி பஸ்ஸுக்கு நிற்கும்போது நம்பர் பிளேட்டை வாயில் முணுமுணுப்பேன். கேஏ 03 என்றால் டா-டி-டா, டி-டா, அப்புறம் ஐந்து டா, அப்புறம் டி-டி-டி-டா-டா. எண் வரிசை வேறு சுலபம்: 1க்கு ஒரு புள்ளி நான்கு கோடு, 2க்கு இரண்டு புள்ளி மூன்று கோடு, இப்படியே போய் 5க்கு ஐந்தும் புள்ளி. 6இலிருந்து கோடு முன்னால் வந்து ஏறும், 0வுக்கு ஐந்தும் கோடு. சில்க் போர்டு சிக்னலில் நின்றால் ஒரு பாடம் முழுக்க முடித்துவிடலாம், அவ்வளவு வண்டி.

ஆனால் இது அனுப்பும் பயிற்சிதான், மணி அண்ணா திட்டுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். எழுத்தைப் பார்த்து ஒலிக்குப் போகிறோம். ஒலியிலிருந்து எழுத்துக்கு வருவது வேறு தெரு.

ஒரு கேள்வி. எல்லா எழுத்தும் முடித்துவிட்டேன். நிமிடத்துக்குப் பத்து சொல் பக்கம் வந்து ஆணி அடித்தது போல நிற்கிறேன். எவ்வளவு கேட்டாலும் நகரவில்லை. இது எனக்கு மட்டும்தானா?

மடிவாளா மணி
கயல், திட்டவில்லை, உங்கள் பிளேட் வித்தையை நான் திருடிக்கொள்கிறேன்.

நிற்பது உங்களுக்கு மட்டும் இல்லை. இது நூற்றாண்டுக்கு மேல் பழைய செய்தி. 1897லும் 1899லும் அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரயன், ஹார்ட்டர் என்று இருவர் தந்தி ஊழியர்கள் எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்று அளந்து வரைபடமாகப் போட்டார்கள். கற்றல் பற்றிய ஆராய்ச்சியில் இன்றும் பேசப்படுகிற வரைபடம் அது. அனுப்புகிற வேகத்தின் கோடு சீராக ஏறிக்கொண்டே போகிறது. வாங்குகிற வேகத்தின் கோடு கொஞ்சம் ஏறி, ஓரிடத்தில் படுத்துவிடுகிறது. நீண்ட நாள் அசையாமல் படுத்திருந்து, திடீரென்று மறுபடி ஏறி, கடைசியில் அனுப்புகிற வேகத்தையே தாண்டிவிடுகிறது.

அவர்கள் சொன்ன விளக்கம் எனக்குச் சரியாகவே படுகிறது. முதலில் எழுத்தைப் பழகுகிறோம். எழுத்து எழுத்தாகப் பிடிப்பதில் ஒரு உச்ச வேகம்தான் உண்டு, அங்கே முட்டி நிற்கிறோம். அந்தச் சமதளத்தில் உள்ளே வேறு வேலை நடக்கிறது: எழுத்துகள் கூடிச் சொல்லாக ஒட்டுகின்றன. ஒட்டியதும் ஏற்றம். ஆகவே நீங்கள் இப்போது செய்ய வேண்டியது தனி எழுத்துப் பயிற்சியை நிறுத்துவது. அடிக்கடி வருகிற துண்டுகளை முழுசாகக் கேளுங்கள். 'சிக்யூ', யாராவது இருக்கிறீர்களா என்ற அழைப்பு: டா-டி-டா-டிட், டா-டா-டி-டா. இதை எவரும் இரண்டு எழுத்தாகக் கேட்பதில்லை, அது ஒரு மெட்டு. 'டிஇ' என்றால் 'இன்னாரிடமிருந்து'. 73 என்றால் வாழ்த்துகள், விடைபெறுகிறேன். '5என்என்' என்று வந்தால் 599, அதாவது உங்கள் ஒலி நன்றாக விழுகிறது என்ற மதிப்பீடு; 9 என்ற எண்ணின் குறி நீளம் என்பதால் அதற்குப் பதில் 'என்' எழுத்தை அடிக்கிறார்கள்.

நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் இணையம் வழியே யாரும் கேட்கலாம் என்று ஒரு வானொலி வாங்கியை வைத்திருக்கிறார்கள், 'வெப்எஸ்டிஆர்' என்று தேடினால் வரும். நம் ஊர் இரவில் 7 மெகாஹெர்ட்ஸின் அடிப்பக்கம், 7.010 முதல் 7.035 வரை, முறையைச் சிடபிள்யூ (மோர்ஸுக்கான முறை) என்று வைத்துத் திருப்புங்கள். நிஜ மனிதர்கள் அடிப்பது. செயலியின் துல்லியமான ஒலிக்குப் பிறகு அது வேறு உலகம். ஒருவர் கோட்டை இழுப்பார், ஒருவர் சொல் இடைவெளியே விடமாட்டார்.

தந்திக்காரர்
அதைக் கை என்போம். எதிர்முனையில் உட்கார்ந்திருப்பது யார் என்று பெயர் சொல்லாமலே கையை வைத்துத் தெரியும். ஜோலார்பேட்டையில் ஒருவர் இருந்தார், முகம் பார்த்ததில்லை. அவர் ஆர் அடித்தால் நடுக்கோடு இத்தனை நீளம் இழுக்கும். விடுமுறையில் போய் வேறு ஆள் உட்கார்ந்தால் முதல் சொல்லிலேயே தெரிந்துவிடும்.

சந்தேகப் பிராணி
இது மட்டும் கொஞ்சம் ஆசையாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஐயா, விட்டுப் பல வருடம் ஆகியும் மறக்கவில்லையா?

தந்திக்காரர்
வேகம் போய்விட்டது. எழுத்து போகவில்லை. க்யூ, எக்ஸ், இசட், ஜே, அப்புறம் நிறுத்தற்குறிகள் இவைதான் முதலில் மங்கும், ஏனென்றால் அவை அரிதாக வருபவை. ஈ, டி, ஏ, என் எல்லாம் சாகும்வரை இருக்கும். பேரன் மேசையில் பென்சில் தட்டினால்கூட எழுத்தாக விழுகிறது, அதில் பொருள் இல்லை என்றாலும்.

மறக்காமல் இருக்க ஒரே வழி, கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்காருவதைவிட, தினமும் காப்பி ஆறுவதற்குள் கால் மணி நேரம் மேல். களைத்த காது தப்பைத்தான் பழகும்.

யாப்புப் பைத்தியம்
சொற்கட்டிடம் தோற்றுவிட்டேன், பரவாயில்லை. ஆனால் தமிழுக்கே மோர்ஸ் வகுத்தால் என்ன என்று ஒரு கணக்குப் போட்டேன். கேளுங்கள், சுவையாக இருக்கிறது.

ஒரு குறி மட்டும் உள்ளவை 2. இரண்டு குறி உள்ளவை 4, மூன்று உள்ளவை 8, நான்கு உள்ளவை 16. மொத்தம் 30. ஆங்கிலத்துக்கு 26 போதும், மிச்சம் நான்கு; அவற்றை ஜெர்மன்காரர்கள் தங்கள் கூடுதல் எழுத்துகளுக்கு வைத்துக்கொண்டார்கள். நமக்கு 247ஐயும் குறியாக்க வேண்டியதில்லை, உயிர்மெய்யைப் பிரித்து அனுப்பிவிடலாம். 'மொழி' என்றால் ம், ஒ, ழ், இ. அப்படியானால் உயிர் 12, மெய் 18, சேர்ந்தால் 30. துல்லியமாகப் பொருந்துகிறது! அப்புறம் ஆய்தம் வந்து நிற்கிறது, 31வது ஆளாக. அதற்கு மட்டும் ஐந்து குறி கொடுக்க வேண்டும்.

கோலார் கயல்
ஆய்தத்துக்கு எப்போதுமே தனி இடம்தான்.

ஆனால் ஐயா, ஈ என்ற ஆங்கில எழுத்துக்கு ஒற்றைப் புள்ளி கொடுத்தது அது அதிகம் வருவதால். தமிழில் எதற்கு ஒற்றைப் புள்ளி? பிரித்து அனுப்பினால் அகரம்தான் கொட்டும் என்று நினைக்கிறேன். கூடவே க், த், உ மூன்றும் சண்டைக்கு வரும்.

யாப்புப் பைத்தியம்
அகரத்துக்குப் புள்ளி, அதில் மறுபேச்சே இல்லை. முதல எழுத்தெல்லாம்... அல்சூரில் இருக்கிற தம்பி, ஏரிக்கரையில் வள்ளுவர் சிலையைப் பார்க்கும்போது ஒரு 'டிட்' அடித்துவிட்டுப் போங்கள்.

மடிவாளா மணி
யாரிடம் அனுப்புவீர்கள் என்பதுதான் கேள்வி. ரஷ்ய மொழிக்குத் தனி மோர்ஸ் இருக்கிறது, ஜப்பானியர்களுக்கு 'வாபுன்' என்று இருக்கிறது. அவையெல்லாம் கப்பலும் ராணுவமும் ஆபீஸும் தினம் புழங்கியதால் நின்றவை. நான் தமிழ் நண்பர்களோடு அலைவரிசையில் பேசும்போது 'வணக்கம்' என்பதை ஆங்கில எழுத்தில் அடித்துவிடுகிறேன், வேலை முடிந்தது. நீங்கள் பட்டியல் போடுங்கள், இந்த இழையில் உள்ளவர்களுக்குள் பேசிக்கொள்ள நான் தயார்.

அல்சூர் ஏரிக்கரை
எழுத்து வேகத்தை 20 ஆக்கி, கே, எம் இரண்டோடு திரும்ப ஆரம்பித்திருக்கிறேன். முதல் நாள் பயமாக இருந்தது, இப்போது கே, எம், ஆர், எஸ் நான்கும் எண்ணாமல் விழுகின்றன. பழைய அட்டவணை மட்டும் மனதில் நிழல் போலக் குறுக்கே வருகிறது, குறிப்பாகக் கொஞ்சம் தாமதித்தால்.

இரண்டு கேள்வி. கையால் அடித்துப் பார்க்க என்ன வாங்க வேண்டும்? லைசென்ஸ் வேண்டுமா?

மடிவாளா மணி
வீட்டுக்குள் பீப் ஒலி எழுப்ப லைசென்ஸ் வேண்டாம். வானலையில் அனுப்பத்தான் வேண்டும். அமெச்சூர் நிலைய உரிமம் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை தருவது, தேர்வு எழுத வேண்டும். ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் கேட்பதில்லை, அவர்களுக்கு அழைப்புக்குறி வியூ3 என்று தொடங்கும். வியூ2 கிடைக்கிற ஜெனரல் கிரேடுக்கு நிமிடத்துக்கு 8 சொல் அனுப்பவும் வாங்கவும் வேண்டும் என்ற விதியில்தான் நான் எழுதினேன். விதிகளைத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள், விண்ணப்பிக்கும் அன்று துறையின் தளத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஊரில் பெங்களூர் அமெச்சூர் ரேடியோ கிளப் இருக்கிறது, அங்கே உள்ளவர்களைக் கேட்டால் நடைமுறை சொல்வார்கள்.

கருவிக்கு எஸ்பி ரோடு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போங்கள். 555 ஐசி ஒன்று, 9 வோல்ட் பேட்டரி, சின்ன ஸ்பீக்கர். மின்தடை 10 கிலோ ஓம் ஒன்று, 100 கிலோ ஓம் ஒன்று, மின்தேக்கி 0.01 மைக்ரோ ஃபாரட். ஐசியின் வழக்கமான ஆசிலேட்டர் சுற்றில் இவற்றைப் போட்டால் 686 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒலி வரும், காதுக்கு இதமான இடம். சுருதி கீச்சென்று இருந்தால் மின்தேக்கியின் மதிப்பைக் கூட்டுங்கள். பேட்டரியின் ஒரு முனையைக் கீ (கையால் அழுத்தித் தட்டும் விசை) வழியாகக் கொண்டுபோனால் போதும். ஸ்பீக்கருக்கு வரிசையில் ஒரு மின்தேக்கி, 10 மைக்ரோ ஃபாரட், மறக்காதீர்கள்.

தந்திக்காரர்
கீயைப் பற்றி நான் சொல்கிறேன். கீ மேசையில் ஆடாமல் இருக்க வேண்டும், அடியில் ஒரு கனமான பலகை. தொடர்பு முனைகளுக்கு நடுவே ஒரு தடித்த தாள் நுழைகிற இடைவெளி. முழங்கையும் முன்கையும் மேசை மேல், அசைவு மணிக்கட்டில். விரல் நுனியால் கொத்தினால் ஒரு மாதத்தில் கை வலி வரும். அந்தக் காலத்தில் அமெரிக்கத் தந்திக்காரர்களுக்கு இதனால் கையே முடங்கிப்போகும், அதற்காகவே பக்கவாட்டில் தள்ளுகிற கருவிகள் வந்தன. தம்பி இப்போதே அதை வாங்காதே. நேர் கீயில் இடைவெளி சுத்தமாக வந்த பிறகு பார்க்கலாம். புள்ளியும் கோடும் எல்லாருக்கும் வந்துவிடும், இடைவெளிதான் வராது.

ராஜாஜிநகர் தொப்பி
இடைவெளிக்கு மெட்ரோனோம் (சீராகத் தாளம் தட்டும்) செயலி வைத்துப் பழகுங்கள். கோடு மூன்று தட்டு, எழுத்து இடைவெளியும் மூன்று தட்டு. எங்களுக்கும் அடிப்பதைவிட விடுவதுதான் கஷ்டம்.

சந்தேகப் பிராணி
நேற்று எஸ்பி ரோடு பக்கம் வேறு வேலையாகப் போனேன். 555 வாங்கிவிட்டேன். யாரும் எதுவும் சொல்ல வேண்டாம்.

கோலார் கயல்
நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. தகிட.

சந்தேகப் பிராணி
சுற்று வேலை செய்கிறது. எல்லாரும் செய்வதுபோல முதலில் எஸ்ஓஎஸ் அடித்துப் பார்த்தேன், மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி. ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும்தானே?

மடிவாளா மணி
விடக் கூடாது. அது மூன்று எழுத்து அல்ல, இடைவெளியே இல்லாத ஒரே குறி. 1906இல் பெர்லின் மாநாட்டில் ஏற்றுக்கொண்டபோதே அப்படித்தான். அந்த எழுத்துகளுக்கு விரிவாக்கமும் கிடையாது, அடையாளம் காணச் சுலபம் என்பதால் எடுத்தது. ஆனால் பழக்கத்துக்கு அதை அடிக்காதீர்கள். வீட்டு ஸ்பீக்கரில் யாரும் ஓடி வரப்போவதில்லை, சரி, ஆனால் நாளைக்கு ரேடியோ முன்னால் உட்காரும்போது கை தானாக அதற்குப் போகும். கருவியைச் சோதிக்க 'வி' அடிப்பதுதான் வழக்கம். டி-டி-டி-டா, மூன்று முறை.